ரெண்டடிக்கு மூணடி புஷ்பலதா

...அதெல்லாம் அப்புறம் பேசுவோம் அண்ணே, நீங்க மொதல்ல அந்தச் சந்தனப் பொட்ட அழிங்க. படத்துக் கண்ணாடி மேல தான வெச்சிருக்கீங்க, ஒரு ஈரத்துணி போதும் லா. நெத்திக்கு நடுவுல அளவெடுத்து வெச்ச மாரி வேற வெச்சிருக்கீங்க! அதப் பாத்ததுல இருந்து எனக்கு இந்த எடம் அரிக்குது. இங்க... இந்தா, பாருங்க, செவந்து போச்சா? சொறிஞ்சி சொறிஞ்சியே செவந்து போச்சி.

யாரா? நான் யாருன்னா கேக்குறீங்க? அடோய்... அண்ணே, அந்தப் படத்துல இருக்கிறதே நான் தான். கீழ நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்களே, 'மறைந்த கலைஞர் புஷ்பலதா'ன்னு, அந்தப் புஷ்பலதா. மறையல. மறைஞ்சிருந்தா கையில கீரக்கட்டோட உங்க கடைக்குள்ள வந்து நிப்பேனா? நான் பாட்டுக்கு ஜெலாப்பாங்ல பஸ் ஏறி, லிட்டல் இந்தியாவுல எறங்கி, கீர வாங்கி, மசாலா அரைக்கக் குடுத்துட்டு, வெயிலுக்கு ஓரமா நடந்து வாரேன். பாத்தா, உங்க பிரேம் கடை வாசல்ல ஒரு பக்கம் புள்ளையாரு, ஒரு பக்கம் லெச்சுமி, நடுவுல நான்! அதுவும் எம்மாம் பெருசு! ...ரெண்டடிக்கு மூணடியா? அதான் பாத்தேன். எங்க வீட்டு ஜன்னலே அந்த அளவு இல்ல.

பக்கத்துப் பூக்கடை அம்மா என்னா பண்ணுச்சி தெரியுமா? நான் வாயப் பொளந்துகிட்டு நிக்கிறதப் பாத்துட்டு வெளிய வந்து, "தெரிஞ்சவங்களா? பாவம் லா, நல்லா நடிக்குமாம்"னு என்கிட்டயே சொல்லுது. சொல்லிட்டு, கையில இருந்த ரோசாப்பூவ என் படத்துல சொருகிட்டுப் போவுது. நான் என்னாத்த சொல்ல? நன்றின்னு சொல்லிட்டேன். வாயில தானா வந்துருச்சி.

நில்லுங்க, நில்லுங்க, சுத்திய எடுக்காதீங்க, நான் பேசி முடிச்சிடுறேன். இது இன்னிக்கி மூணு மணிக்கி மண்டபத்துல நடக்கப் போற விழாவுக்குத் தான? படம் வந்து பத்து வருஷமாச்சின்னு? தெரியும், தெரியும். அந்தத் தாடி வெச்ச தனேஸ்வரன், ரசிகர் மன்றத் தலைவரு, அவரு தான ஆர்டர் குடுத்தாரு? ரெண்டு மணிக்கி வந்து எடுப்பாரா? இப்ப என்னா மணி... பன்னண்டே முக்கா. போதும். அண்ணே, நான் சொல்றத நல்லாக் கேட்டுக்குங்க. அவரு வந்தா படத்தக் குடுக்காதீங்க. கண்ணாடி ஒடஞ்சி போச்சின்னு சொல்லுங்க. இல்ல, கரையான் அரிச்சிருச்சின்னு சொல்லுங்க. படம் போகக் கூடாது. நான் போகணும். மூணு மணிக்கி நான் உசுரோட அந்த மேடையில ஏறணும். பத்து வருஷமா செத்துக் கெடக்குறேன் அண்ணே, இன்னிக்கி விட்டா அப்புறம் எப்பவும் இல்ல.

ஒக்காரட்டுமா? இந்த முருகன் படத்தக் கொஞ்சம் நகத்திக்கிறேன். சாமி, மன்னிச்சிக்க.

நீங்க அந்தப் படம் பாத்திருக்கீங்களா, 'ஒம்போதாங்கட்டை'? பாக்கலயா! பாக்காமயே எனக்குப் பொட்டு வெச்சீங்களா? நல்லாருக்கு லா உங்க தொழிலு.

கதை சின்னக் கதை தான். ஒம்போதாங்கட்டையில, ஒம்போதாவது மைல்ல, ஒரு பழைய கித்தாத் தோட்டம். ரப்பர் மரத்தையெல்லாம் வெட்டிட்டு எண்ணெய்க்கு செம்பனை போட்டாங்க, இப்ப செம்பனையையும் தள்ளிட்டு தாமான் வீடு கட்டப் போறாங்க. லயத்து வீடுங்கள்ல மிச்சம் இருக்கிற ஒருத்தன் கேங்ல சேந்து வெட்டுக் குத்துன்னு திரியிறான். அவன் தான் ஹீரோ, கீத் நடிச்சிருப்பாரு. சலூன்ல முடி வெட்டுற பொண்ணு மேல அவனுக்குக் காதல். அது துளசி நடிச்சது. படம் பூரா மழ பேயும், ரத்தம் ஓடும், ரெண்டு பேரும் நனைஞ்சிகிட்டே மோட்டார்ல போவாங்க. எங்க போறாங்கன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. நடுவுல நான் வருவேன். ஹீரோவோட அக்கா, நல்லம்மா. மூணு சீனு.

மூணு தான். சிரிக்காதீங்க.

நான் என்னா நடிகையா? கையுறை பேக்டரியில பேக்கிங் லைனுக்கு சூப்பர்வைசரு. இந்த டைரக்டர் மகேந்திரன் இருக்காருல்ல, அவரு அப்ப எங்க பேக்டரி பஸ் ஓட்டிகிட்டு இருந்தாரு. காலையில அஞ்சரைக்கு பஸ்ஸே தூங்கும், நான் மட்டும் டிரைவரோட சண்ட போட்டுகிட்டு வருவேன். பிரேக்க அப்படிப் போடாத, அந்த ரோட்டுல திருப்பாதன்னு. ஒரு நாள் பஸ்ஸ ஓரமா நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்து, "அக்கா, நான் ஒரு படம் எடுக்கப் போறேன், உங்களுக்கு ஒரு வேஷம் இருக்கு"ன்னாரு. நான் வாய மூடணும்னு சொல்றாருன்னு நெனச்சேன். நெசமாத் தான் சொல்லியிருக்காரு.

மொத சீனு, பைப்படியில தட்டு கழுவுறேன். வசனம் இல்ல. அத விடுங்க. ரெண்டாவது சீனு தான் சீனு. கீத் பாராங்கத்திய எடுத்துகிட்டு வெட்டப் போறாரு. நான் வாசல்ல வழி மறிச்சி, "தம்பி, நம்ம அப்பாவோட ரத்தம் ஒன் ஒடம்புல ஓடுதுடா, இந்தத் தோட்டத்தோட மானம் ஒன் கையில இருக்குடா"ன்னு ஒன்னரப் பக்கம் பேசணும். மனப்பாடமா வெச்சிருந்தேன் அண்ணே, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அன்னிக்கி காலையில ஏழு மணியில இருந்து வெயில்ல நிக்கிறோம். சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கப் போன வண்டி பஞ்சராகி நிக்கிது, மணி ரெண்டாச்சி. எனக்கு காது அடைக்குது, கண்ணு இருட்டுது. கேமரா ஓடுது. கீத் பாராங்கோட என்னத் தாண்டிப் போறாரு. எனக்கு ஒரு எழுத்து நெனப்புல இல்ல. வாயத் தொறந்தா என்னா வருது?

"வெட்டப் போறதுன்னா சாப்புட்டுப் போடா!"

கீத் பாவம், அவருக்கும் பசி. அந்த வார்த்தயக் கேட்டதும் நெசமாவே திரும்பி வந்து சம்மணம் போட்டு ஒக்காந்துட்டாரு. மகேந்திரன் கட் சொல்ல மாட்டேங்குறாரு. நான் என்னா செய்வேன்? கழுவி வெச்ச தட்டு ஒண்ணு இருந்துச்சி, அத முன்னாடி வெச்சேன். வெறுந்தட்டு. அவரு அந்த வெறுந்தட்டுல பெசஞ்சி பெசஞ்சி சாப்புடுறாரு, கண்ணுல தண்ணி ஊத்துது. இன்னிக்கி படிச்ச புள்ளைங்க எல்லாம் யூடியூப்ல ஒக்காந்துகிட்டு, "அந்த வெறுந்தட்டு தான் தோட்டத் தமிழனோட நெலம"ன்னு ஒரு மணி நேரம் பேசுறாங்க. அது நாசி லெமாக் வராத நெலம அண்ணே! வேற ஒரு நெலமயும் இல்ல!

ஆனா அந்த வசனம் இன்னிக்கி சட்டையில இருக்கு, தொப்பியில இருக்கு. ஆயர் தாவார்ல ஒரு வாழையிலச் சாப்பாட்டுக் கடையில போர்டாவே எழுதி மாட்டியிருக்காங்க. எழுதுனது யாருன்னா மகேந்திரனாம். பசிச்சது எனக்கு, பேரு அவருக்கு.

போஸ்டர் பாத்திருப்பீங்களே? அதுவும் இல்லயா? பரவால்ல, பாத்தாலும் பிரயோஜனம் இல்ல. துளசி மூஞ்சி இம்மாம் பெருசு. கீத் பாராங்கோட குறுக்க. நான் எங்க? லயத்து வாசல்ல, தூரத்துல, முதுகக் காட்டிகிட்டு நிக்கிறேன். முதுகு! அதுவும் என் முதுகு கூட இல்ல அண்ணே, லைட்டு புடிக்க வந்த பொண்ணோட முதுகு. ரவிக்கையப் பாத்தாலே தெரியும், அப்படிக் கோணலா நான் தைக்க மாட்டேன்.

மூணாவது சீனு. அதுல தான் வந்துச்சி வென. மகேந்திரன் எழுதி வெச்சிருந்தது என்னான்னா, தம்பி கேங்க விட மாட்டேன்னதும் நல்லம்மா துணிமணிய மூட்ட கட்டிகிட்டு, லூமுட்ல பெர்ரி ஏறி பங்கோர் தீவுக்குப் போயிடுவா. அவ்ளோ தான், முடிஞ்சி போச்சி. நான் கேட்டேன், "ஏன் தம்பி, பங்கோருக்குப் போனவள யாரு நெனச்சிகிட்டு இருப்பா? ஸ்கூல் லீவு விட்டா ஊரே பங்கோருக்குத் தான் போவுது. கருவாடு வாங்கிகிட்டு மறுநாள் திரும்பி வந்துடுது. படம் பாக்குறவங்க, நல்லம்மாவும் கருவாட்டோட வந்துடுவான்னு நெனப்பாங்க லா. என்னக் கொன்னுடுங்க"ன்னேன்.

ஆமா, நான் தான் கேட்டேன். மூணு நாளு விடாமக் கேட்டேன். பஸ்ல, டீக் கடையில, போன்ல. "கொல்லுங்க தம்பி, கொஞ்சம் பாத்துக் கொல்லுங்க"ன்னு. பக்கத்து சீட்டுக்காரி எந்திரிச்சி வேற சீட்டுக்குப் போய்ட்டா. கடைசியில அவரும் சரின்னுட்டாரு. "ஆனா அக்கா, நாளு இல்ல, மழ வேற, சாவுறத எடுக்க முடியாது. கோப்பிக் கடையில ஹீரோ பேப்பர விரிப்பாரு, அதுல உங்க மரண அறிவிப்பு இருக்கும், அதப் பாத்து ஒடஞ்சி போயிடுவாரு. சரியா?"ன்னாரு. நல்லாத் தான் இருந்துச்சி. நம்ம ஆளுங்க பேப்பர்ல மொதல்ல பாக்குறதே அந்தப் பக்கத்தத் தான? யாரு போனா, எந்தத் தோட்டத்து ஆளு, பதினாறு என்னிக்கின்னு பாத்துட்டுத் தான் மத்த செய்தியெல்லாம்.

அந்த அறிவிப்பு சும்மா நடிப்புக்குத் தான் அண்ணே. ஆனா அது யாரோ... எப்பிடியோ... நெசப் பேப்பர்லயே வந்துருச்சி. யாரோ குடுத்துட்டாங்க. அத விடுங்க, அது பெரிய கதை. நான் இப்ப பட்டதச் சொல்றேன்.

ஞாயித்துக் கெழம காலையில. நான் தலைக்கு குளிச்சிட்டு, துண்டச் சுத்திகிட்டு, தோச ஊத்திகிட்டு இருக்கேன். வாசல்ல வேன் வந்து நிக்கிது. ஆயர் தாவார்ல இருந்து எங்க நாத்தனா விமலா, பதினாலு பேர ஏத்திகிட்டு, கேட்டுல இருந்தே மார்ல அடிச்சிகிட்டு வருது. "எங்க அண்ணியக் கொண்டு போயிட்டியே"ன்னு. எனக்கும் அவளுக்கும் ஆறு வருஷமாப் பேச்சு இல்ல. நான் தோசக் கரண்டியோட வெளிய வந்து, "யாரு செத்தா?"ன்னு கேக்குறேன். என்னப் பாத்தா. அழுகைய நிறுத்துனா. அப்புறம் வந்துச்சி பாருங்க கோவம்! "வேனுக்குச் சொல்லி, வேலைக்கி லீவு சொல்லி, பட்டினியா வந்திருக்கோம், நீங்க இங்க தோச ஊத்திகிட்டு இருக்கீங்களா?"ன்னு. பதினாலு பேருக்கும் தோச ஊத்துனேன். மாவு பத்தல, பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கி ஊத்துனேன். போறப்ப ஒரு வார்த்த சொன்னா அண்ணே: "வர்ற வழியெல்லாம் உங்களப் பத்தி நல்லதாவே பேசிகிட்டு வந்தோம் அண்ணி. எல்லாம் வேஸ்ட்டாப் போச்சி."

எங்க வீட்டுக்காரரு சதாசிவம், அவரு பேப்பர வெச்சிகிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. நான் பதறிப் போயி நிக்கிறேன். "என்னங்க?"ன்னா, "கணவர்னு என் பேர ஏன் இவ்ளோ சின்னதாப் போட்டிருக்கு?"ங்குறாரு.

திங்கக் கெழம வேலைக்கிப் போனா, கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா உள்ள விட மாட்டேங்குறாரு. கார்ட கேன்சல் பண்ணிட்டாங்களாம். ஆபிஸ்ல அந்த அம்மா சொல்லுது, "நீங்க போன வாரம் பூரா டாக்டர் சீட்டு குடுத்து எம்சி போட்டீங்க, பேப்பரப் பாத்ததும், சீக்கு முத்திருச்சின்னு நெனச்சோம்"னு. ஷூட்டிங்குக்குப் போட்ட எம்சி! அத நான் எப்பிடிச் சொல்ல முடியும்? "ஆமா, ரொம்ப மோசமா, தெருக்கா இருந்துச்சி, பொழச்சி வந்துட்டேன்"னு சொல்லிட்டேன். மேச மேல மலர் வளையம் இருக்கு. 'எங்கள் அன்புச் சூப்பர்வைசர்'னு நாடாவுல எழுதியிருக்கு. அன்பாம்! உசுரோட இருந்தப்ப அதே புள்ளைங்க பின்னால கூப்புட்ட பேரு எனக்குத் தெரியாதா? நான் அந்த வளையத்த விடல. என் பேருக்கு வந்தது தான? வீட்டுக்கு எடுத்துகிட்டு வந்து, வாடுற வரைக்கும் ஹால்ல மாட்டி வெச்சிருந்தேன்.

ஏன் திருத்தம் போடலன்னு தான கேக்கப் போறீங்க? போனேன் அண்ணே, பேப்பர் ஏஜண்டுகிட்ட போனேன். "ஒரு அங்குலம் போடலாம்மா"ன்னாரு. படம் வருமான்னு கேட்டேன். படம் வராதாம். படம் இல்லாம ஒரு அங்குலத்துல நான் உயிரோட இருக்கேன்னு போட்டா எவன் பாப்பான்? வேணாம்னு வந்துட்டேன்.

சரி, படம் வந்துச்சா, தியேட்டர்ல நாலு நாளு ஓடுச்சா, போயிருச்சா. நானும் மறந்துட்டேன். ஊரும் மறந்துருச்சி. எட்டு வருஷம் கழிச்சி எவனோ அத இன்டர்நெட்டுல போட்டு விட்டான். அவ்ளோ தான், தீ புடிச்சிருச்சி. இந்தப் புள்ளைங்க எல்லாம் ராப்பகலா அதையே பாக்குதுங்க. நல்லம்மா யாரு, நல்லம்மா யாருன்னு தேடுனா, என்னா கெடைக்கும்? பேப்பர்ல வந்த அறிவிப்பு கெடைக்கும். என் படம், என் பேரு, பொறந்த தேதி, செத்த தேதி. முடிஞ்சி போச்சா!

நான் சும்மா இல்ல. ரசிகர் மன்றத்துக்கு பேஸ்புக்குல எழுதுனேன். "வணக்கம், நான் தான் புஷ்பலதா, நல்லாருக்கேன், நீங்க எல்லாம் நல்லாருக்கீங்களா"ன்னு மரியாதயா. அஞ்சு நிமிஷத்துல பதில் வருது: "செத்தவங்க பேர்ல வெளையாடாதீங்க ஆன்ட்டி. அவங்களுக்கு மரியாத குடுங்க." யாருக்கு? எனக்கு! எனக்கு நான் மரியாத குடுக்கணுமாம்! அப்புறம் பிளாக் பண்ணிட்டாங்க.

மகேந்திரனா? அவரு இப்ப கோலாலம்பூர்ல பெரிய ஆளு, நம்பரெல்லாம் மாத்திட்டாரு. அவருக்கு அது நடிப்பு அறிவிப்புன்னு தெரியும் தான். ஆனா ஊரே செத்துட்டாங்குறப்ப, அப்புறமா நெசமாவே போய்ட்டாங்க போலன்னு அவரும் நம்பிட்டாரு. ஒரு பேட்டியில அழுவுறாரு அண்ணே, "அக்கா தான் கொல்லுங்க கொல்லுங்கன்னு கேட்டாங்க, என் வாயால சரின்னேன்"னு. நான் சோபாவுல படுத்துகிட்டு முறுக்கு தின்னுகிட்டே அதப் பாக்குறேன். எனக்கும் அழுகையா வந்துச்சி. முறுக்க வெச்சிட்டு அழுதேன்.

என்னா பாக்குறீங்க? ...யாரு குடுத்தாங்கன்னா? எத? அந்த அறிவிப்பையா?

அதான் சொன்னேனே, யாரோன்னு...

சரி லா. இந்த முருகன் முன்னாடி ஒக்காந்துகிட்டுப் பொய் சொல்ல முடியல. கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைங்களேன் அவர... வேணாம், இருக்கட்டும். நான் தான் குடுத்தேன்.

அண்ணே, நீங்களே நெனச்சிப் பாருங்க. ஆர்ட் வேல பாக்குற பொண்ணு புனிதா, அது ஒரு பேப்பர் மாரி பிரிண்ட் பண்ணிகிட்டு வந்துச்சி. பாக்குறேன், என் படம் தபால்தல அளவுல இருக்கு. பேரு நல்லம்மாள்னு போட்டிருக்கு. நல்லம்மாளா நடிச்சது யாருன்னு ஒருத்தனுக்காச்சும் தெரியுமா? பக்கத்துல ஒரு அரிசி விளம்பரம், அரிசி மூட்ட என் தலைய விடப் பெருசு! போஸ்டர்ல முதுகு, அதுவும் அடுத்தவ முதுகு. பேப்பர்லயும் அரிசிக்குப் பக்கத்துலயா? விடு புனிதா, நான் ஏற்பாடு பண்றேன்னு சொல்லிட்டு நேரா ஏஜண்டுகிட்ட போயிட்டேன். இருக்கிறதுலயே பெரிய சைஸு கேட்டேன். படம்? நாப்பத்தோரு வயசு மூஞ்சியவா குடுப்பாங்க? எனக்கு இருவத்தேழு வயசுல ஸ்டூடியோவுல எடுத்த படம் ஒண்ணு இருந்துச்சி, ஒத்தச் சடை, ஜிமிக்கி... ஆமா, அதே தான், நீங்க பெருசு பண்ணி மாட்டியிருக்கிறது. பேரு என் சொந்தப் பேரே போட்டேன். ஸ்கிரீன்ல நாலு செகண்டு வரும். நாலு செகண்டுல என் பேர ஊரே படிச்சிடும்ல?

அந்த ஏஜண்டு, திருத்தத்துக்குப் பாத்தவரு இல்ல, வேற ஆளு, என் மூஞ்சியப் பாத்து, "போனவங்க உங்களுக்கு என்னா வேணும்மா?"ன்னு கேட்டாரு. நானே தான்னு சொல்ல முடியுமா? வாங்க மாட்டாரே! "எங்க அக்கா"ன்னேன். "ஐயோ, சின்ன வயசா இருக்காங்களே, எப்பிடிம்மா?"ன்னாரு. அண்ணே, அவரு அப்பிடிக் கேட்டதும் எனக்கு என்னா ஆச்சின்னே தெரியல. அழுதேன் பாருங்க... அப்பிடி ஒரு அழுக. "நல்லவ சார், யாரும் அவளக் கவனிக்கல சார்"னு சொல்லிச் சொல்லி அழுவுறேன். அவரு எந்திரிச்சி வந்து ஒரு கிளாஸ் தே ஓ வாங்கிக் குடுத்தாரு. கேமரா இல்ல, லைட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. என் வாழ்க்கையிலயே அன்னிக்கித் தான் நல்லா நடிச்சேன். அத ஒருத்தனும் எடுத்து வைக்கல.

அதனால தப்பு என் மேல தான், ஒத்துக்கிறேன். அதுக்காகப் பத்து வருஷமா? போதும் லா. நீங்க துணிய எடுங்க, அழிங்க. நான் வீட்டுக்குப் போயி பட்டுப் பொடவயக் கட்டிகிட்டு...

என்னா இது? தனேஸ்வரன் குடுத்துட்டுப் போன நிகழ்ச்சி நிரலா? குடுங்க, கண்ணாடி போட்டுக்கிறேன். ம்... கடவுள் வாழ்த்து... வரவேற்பு... 'கலைஞர்களுக்குப் பொன்னாடை அணிவித்தல். துளசி மற்றும் பதினோரு பேர். ஐந்து நிமிடம்.' அஞ்சு நிமிஷத்துல பன்னண்டு பேருக்கா? துளசிக்கே அர நிமிஷம் தானா! பாவம் லா... இல்ல, நான் சிரிக்கல. மண்டபத்துல என்னா, பஸ்சுல டிக்கெட்டு கிழிக்கிற மாரி போத்தி வுடுவாங்களா?

'மறைந்த கலைஞர் புஷ்பலதா அவர்களுக்கு அஞ்சலி. விளக்கேற்றுதல், கீத். படத் திறப்பு, மகேந்திரன். நினைவுரை, தனேஸ்வரன். அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌனம். இருபது நிமிடம்.'

...இருவது நிமிஷமா?

அனைவரும்னா? துளசியுமா? துளசியும் எந்திரிச்சி நிக்கணுமா? மண்டபத்துக்கு எத்தன பேரு வருவாங்க அண்ணே? ...ஐநூறா?

ஐநூறு பேரு. எனக்காக எந்திரிச்சி. பேசாம.

எங்க வீட்டுல என்ன விட்டா நாலு பேரு அண்ணே. கல்யாணம் ஆகி இருவத்தெட்டு வருஷமாச்சி. நான் பேசுறப்ப ஒரு நாளு கூட அந்த நாலு பேரும் ஒண்ணா வாய மூடிகிட்டுக் கேட்டதில்ல. ஒண்ணு டிவி ஓடும், இல்ல போனு. எனக்குக் கஷ்டமா இருக்கும், சொல்ல மாட்டேன். பேக்டரியில லைன் ஓடுற சத்தம், பஸ்ல இஞ்சின் சத்தம், கத்திக் கத்தியே தொண்ட போச்சி. எனக்காக ஐநூறு பேரு ஒரு நிமிஷம்... இருங்க, கண்ணாடியத் தொடச்சிக்கிறேன். உங்க கடையில தூசி ஜாஸ்தி.

விழா முடிஞ்சதும் படத்த என்னா பண்ணுவாங்க? வீட்டுக்குக் குடுத்துடுவாங்களா? ...கோலாலம்பூருக்கா? எதுக்கு? ...ரெண்டாம் பாகம் எடுக்குறாங்களா! அதுல ஹீரோ வீட்டுச் செவுத்துல மாட்டப் போறாங்களா? எவ்ளோ நேரம் வரும்? ...படம் பூராவுமா? ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்குமா? சண்டக்கி முன்னாடி ஒவ்வொரு தடவையும் என் படத்தக் கும்புட்டுட்டுத் தான் போவாராமா கீத்?

முருகா.

மூணு சீனு வந்தேன் அண்ணே, உசுரோட. இப்ப ரெண்டர மணி நேரம்.

இப்ப நான் உசுரோட போனா என்னா ஆவும்னு சொல்லுங்க. பொன்னாட. அர நிமிஷம். பதிமூணாவது ஆளு. "ஓ, இருக்காங்களா"ன்னு நாலு கைதட்டு. அப்புறம் அத்தன பேரு மூஞ்சியும் எங்க நாத்தனா விமலா மூஞ்சி மாரி ஆயிடும். செவுத்துல மாட்டவும் முடியாது, உசுரோட இருக்கிறவள எவன் மாட்டுவான்?

அண்ணே... அண்ணே! என்னா பண்றீங்க! அந்த ஈரத்துணியக் கீழ வைங்க. அழிச்சிட்டீங்களா? உங்கள யாரு அழிக்கச் சொன்னா? ...சரி, நான் தான் சொன்னேன். திருப்பி வைங்க. சந்தனம் மட்டும் வைக்காதீங்க, குங்குமமும் சேத்து வைங்க. எங்க வீட்டுக்காரரு நல்லாத் தான் இருக்காரு, சுமங்கலியாப் போனவ நான். கொஞ்சம் பெருசா வைங்க, கடைசி வரிசைக்குத் தெரியணும்ல? இன்னும் கொஞ்சம்... ஆங். போதும்.

இந்தப் பிரேமு என்னா, வெறும் கறுப்பா இருக்கு? தங்கக் கலரு இல்லயா? அந்த லெச்சுமிக்கிப் போட்டிருக்கீங்களே, அந்த மாரி. தனேஸ்வரன் கேட்டா, கறுப்பு தீந்து போச்சின்னு சொல்லுங்க. மால ரோசாவுல போடச் சொல்லுங்க. சாமந்தி எனக்கு ஒத்துக்காது, தும்மல் வரும்.

அப்புறம் நான் வந்தது யாருக்கும் தெரிய வேணாம். யாரு வந்தாங்கன்னு கேட்டா, தங்கச்சி வந்துட்டுப் போச்சின்னு சொல்லுங்க. ரொம்ப அழுதுச்சின்னு சொல்லுங்க. குடும்பத்தாருக்குன்னு மொத வரிசையில எடம் வெச்சிருப்பாங்களா? வெக்கச் சொல்லுங்க லா, நீங்க சொன்னா கேப்பாரு.

ஒண்ணே ஒண்ணு தான் பயமா இருக்கு. படத்தையும் என்னையும் பாத்துட்டு எவனாச்சும் கண்டுபுடிச்சிட்டா? எங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க. இந்தா, பக்கத்துலயே நிக்கிறேன். கண்ணாடியக் கழட்டிட்டேன். இந்தப் பக்கமாத் திரும்புறேன்... ஜாட தெரியுதா?

நல்லாப் பாருங்க.

...கொஞ்சம் கூடவா? மூக்கு? ...மூக்கு கூடவா இல்ல?

ம்.

சரி, நல்லதாப் போச்சி லா. அப்ப நான் நல்லா முன்னாடியே ஒக்காந்துக்குறேன்.